கை பறக்க மாட்டேங்குது

பொம்மைப் படம் சரியா வரலையாவா? ஒழுங்கா வருதுண்ணா! அதான் இப்ப பிரச்சனையே! ம்ஹும், வாயைத் திறக்காதீங்க. தோளை இறக்குங்க, மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க... கம்பெனி ஐடி கார்டுக்குத்தானே? பல்லு தெரியக் கூடாது. இருங்க, பேட்டரி மாத்திக்கறேன்.

காலையிலேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டறேன். போன வருசம், படத்துல இருக்கற கையைப் பாத்து, கையே கையே, ஒடம்போட ஒட்டிக்கிட்டு இருன்னு கெஞ்சினேன், பறந்துச்சு. இந்த வருசம் பறந்து தொலைன்னு கெஞ்சறேன், ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு! சிரிக்காதீங்கண்ணா, கதை தெரியாம சிரிக்கறீங்க.

கேளுங்க. இந்த ஸ்டுடியோ எங்க வீட்டுக்காரரோடது. வெளிய போர்டுல இருக்கே, சென்னகிருஷ்ணன், அவருதான். கல்யாண வீடியோ, பாஸ்போர்ட் சைஸ், அதான் தொழிலு. நான் சும்மா இருக்க மாட்டாம, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர்ல அனிமேஷன் கோர்ஸ் படிச்சேன். பொம்மைப் படம் பண்றது. இவரு என்ன பண்ணாரு? ஒரு கம்பெனிக்கு ஆயுத பூஜை ஃபோட்டோ எடுக்கப் போன எடத்துல, 'சேஃப்டி வாரத்துக்குப் படம் வேணுமா சார்? எம் பொண்டாட்டி பண்ணுவா'ன்னு வாயை விட்டுட்டு வந்துட்டாரு!

அதே கம்பெனில ஸ்டோர்ஸ்லதான் எங்கப்பா. கங்கப்பன்னு பேரு. முன்ன வேற ஒரு சின்னப் பட்டறையில, தகடு அமுக்கற பிரஸ் மிஷின் ஓட்டறப்ப, வலது கையில ரெண்டு வெரலு போயிடுச்சு. அன்னிலேர்ந்து அந்தக் கை பேன்ட் பாக்கெட்லதாண்ணா. எந்தக் கல்யாணத்துலயும் பந்தில உக்கார மாட்டாரு. எங் கல்யாணத்துல தாரை வாக்கறப்ப துண்டைச் சுத்திக்கிட்டாரு, எல்லா ஃபோட்டோலயும் அந்தத் துண்டுதான்.

அதனால படம் பிரஸ் மிஷினைப் பத்தித்தான்னு முடிவு பண்ணிட்டேன். ஓடற மிஷினுக்குள்ள ஒருத்தன் கையை விடறான், மேனேஜர் ஓடி வந்து தடுத்து புத்தி சொல்றாரு. அவ்வளவுதான். அப்பாகிட்ட மூச்சு விடல. பாக்கட்டும்னு... என்னமோ ஒரு ஆசை.

இப்ப லேயர்னா என்னன்னு சொல்றேன். கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மாதிரி. சுவரு ஒரு தாளு, மிஷினு ஒரு தாளு, ஆளு ஒரு தாளு. கை அசையணும்ல, அது தனித் தாளு. இதையெல்லாம் பாக்கறதுக்கு ஒரு கேமரா, இந்த மாதிரி இல்ல, அது கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும். அது கிட்ட போனா எல்லாம் பெருசாகணும், நகந்தா எல்லாம் நகரணும். ஆவுமா? கிட்ட போனா மிஷினு ஆளை மறைச்சுக்கிட்டு நிக்குது. அதைப் பின்னாடி தள்ளினா சுவரு வந்து எல்லாத்தையும் மூடிக்குது! கை மட்டும் எங்கயோ மூலைக்கு ஓடுது. சாஃப்ட்வேர் குடுத்தவன் பெங்களூர்ல இருக்கான். ஃபோன் பண்ணா 'ஒந்து நிமிஷ மேடம்'ங்கறான். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியலண்ணா!

கடுப்புல நான் அந்தக் கையைக் கேமராவோடயே கட்டிப் போட்டுட்டேன். அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு. இப்ப எங்கடா ஓடுவேன்னு! கெட்டியா நின்னுச்சு. ஆனா அதே ஷாட்ல கேமரா மேனேஜர் பக்கம் திரும்புமே, அது மறந்தே போச்சு. கரண்டு போயிப் போயி வந்துச்சு, முழுசா ஓட்டிக்கூடப் பாக்கல. இவரு சிடியைப் புடுங்கிட்டுக் கெளம்பிட்டாரு, நானும் பின்னாடியே ஓடினேன்.

கேன்டீன்ல திரை கட்டி, மொத்த ஷிப்ட்டும் உக்காந்திருக்கு. அப்பா மொத வரிசை. படத்துல ஆளு கையை விடறான், கேமரா கிட்ட போவுது, எல்லாரும் கழுத்தை நீட்டறாங்க! அப்புறம் கேமரா திரும்புச்சு. ஆளு போயிட்டான், மிஷினு போயிடுச்சு... கை மட்டும் போவல! கேமராவோடயே அந்தரத்துல மெதந்து மெதந்து போயி, மேனேஜர் மூக்குல உக்காந்துச்சு. அவரு பாட்டுக்குப் புத்தி சொல்றாரு, கை அவரு மூக்கைப் புடிச்சுக்கிட்டிருக்கு!

கேன்டீனே அதிருது. நெஜ மேனேஜரு என்னைத் திரும்பிப் பாக்கறாரு. எங்க வீட்டுக்காரரு ப்ரொஜெக்டர் மேஜைக்கு அடியில குனிஞ்சு ஒயரு தேடறாரு. எனக்கு அப்பாவைத் தவிர யாரும் கண்ணுல படல. போன வெரலை வெச்சு சொந்த மகளே ஊரைச் சிரிக்க வெச்சுட்டாளேன்னு நெனச்சிருப்பாருண்ணா.

அப்பா எந்திரிச்சாரு. வெளிய போறாருன்னு நெனச்சேன். தோளு குலுங்குது, அழுவறாருன்னு நெனச்சேன். சிரிப்புண்ணா! பாக்கெட்லேர்ந்து அந்தக் கையை எடுத்து, அத்தனை பேரு முன்னாடி தூக்கிக் காட்டினாரு. 'டேய், அதுல ரெண்டு வெரலு என்னோடதுடா! எங்கடா போச்சுன்னு இத்தனை வருசமா தேடறேன், மேனேஜர் மூக்குல இருக்குது!'

எல்லாரும் மேனேஜர் மூஞ்சியைப் பாத்தாங்க. மேனேஜருதான் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் பாக்கணுமே! நான் சிரிச்சேனா அழுதேனா, தெரியல போங்க.

அன்னிலேர்ந்து கை பாக்கெட்டுக்குள்ள போறதில்ல. புதுசா சேர்ற ஆளுங்களை நிறுத்தி வெச்சு, கையை நீட்டிக் காட்டி, அவரே கதை சொல்றாரு. எங்க நாத்தனா கல்யாணத்துல மொதப் பந்தில உக்காந்து, ரசம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்ட்டாரு. பிரஸ்ஸாண்ட யாராச்சும் அசால்ட்டா நின்னா, 'கை பறக்கும்டா'ன்னு கத்தறாங்களாம்.

இந்த வருசமும் படம் கேக்கறாங்க. அதே பறக்கற கை வேணுமாம்! நான்தான் சரின்னு தலையாட்டிட்டேன். இப்பக் கையைக் கேமராவோட கட்டினா, ஆளு, மிஷினு, சுவரு எல்லாம் கூட்டுக் குடும்பம் மாதிரி பின்னாடியே கெளம்பி வருது! பழைய சாஃப்ட்வேர்ல எப்படியோ பறந்துச்சு. அதை அழிச்சுட்டுப் புதுசு போடச் சொன்னது யாருன்னு கேளுங்க. இவரு வேணாம் வேணாம்னாரு. நான்தாண்ணா போட்டேன்!

சரி, ரெடி... நேரா பாருங்க... ஐயோ, பல்லு! அத்தனை பல்லும் தெரியுது! கம்பெனில வாங்க மாட்டாங்கண்ணா. மூச்சை இழுத்து விடுங்க. ஆமா, எந்த செக்‌ஷன் போட்டிருக்காங்க உங்களை?

...பிரஸ் ஷாப்பா.

இருங்க. அந்தக் கையை மடியிலேர்ந்து எடுங்க. ரெண்டையும். மூஞ்சிக்குப் பக்கத்துல தூக்குங்க, வெரலை நல்லா விரிச்சு... ஐடி கார்டுக்கு இல்லண்ணா, இது எனக்கு.

ம்... சிரிச்சா பரவால்ல. அப்படியே இருங்க.