பின்யாத்தாவுக்குள்ள கேரட்

...கேரட்டுன்னு சொல்லிட்டேங்க்கா! வாய் தவறி இல்ல, தெரிஞ்சேதான் சொன்னேன். "பல்லு எப்படி ஒடஞ்சுது நோயெமி?"ன்னு வீட்டுக்காரர் கேட்டாரு. "கேரட் கடிச்சேன்"னுட்டேன். முடிஞ்சுது கத. அதோ, மீன்தொட்டிகிட்ட முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கால்ல, எம்பொண்ணு யாரெட்சி, அன்னைலேர்ந்து கேரட்டத் தொட மாட்டேங்குறா. "அம்மா பல்லையே ஒடச்சிடுச்சே"ன்னு அவங்கப்பாகிட்ட சொல்றா. எங்கிட்ட பேசுறதில்ல... பல்லு ஒடயறதுக்கு முன்னாடிலேர்ந்தே, ஒரு வாரமா ஒரு வார்த்த இல்லக்கா.

நீங்க பேசாதீங்க, கன்னம் அவ்ளோ வீங்கியிருக்கு. பல் டாக்டர் கூப்புடுற வரைக்கும் தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

எல்லாம் கொழந்தைங்களக் காய் திங்க வைக்கிறது எப்படின்னு போன்ல வர்ற வீடியோவாலதான். வெள்ளரிக்காய்ல முதல பண்ணேன், அரை மணி நேரம். சோள ரொட்டில பீன்ஸ் மசியலத் தடவி, ஆலிவ் கண்ணு வெச்சு ஒரு பூன. இவ என்ன சொன்னா தெரியுமா? "அது என்னையே பாக்குதும்மா, எப்படித் திங்கிறது?" சரின்னு மாம்பழத்துல மொளகாப்பொடி, எலுமிச்ச தூவிக் குடுத்தா, பொடிய மட்டும் நக்கிட்டு மாம்பழத்தத் திருப்பிக் குடுக்குறா. வேற அம்மாவா இருந்தா புரிஞ்சிருக்கும். எனக்குத்தான் மண்டைல ஏறலயே!

போன சனிக்கிழம அவளுக்கு ஏழு வயசு. கொழந்தைங்க கம்பால அடிச்சு ஒடைக்க இவரு பெரிய நட்சத்திரக் காகித பின்யாத்தா வாங்கி, உள்ள ரெண்டு கிலோ மிட்டாய் போட்டு வெச்சாரு. புளி உருண்ட, கடலை மிட்டாய், குச்சி மிட்டாய்... இவரு குளிக்கப் போனதும் நான் அத்தனையும் எடுத்துட்டு, கேரட் பூவும் ஹீக்கமா கிழங்கு நட்சத்திரமும் போட்டுட்டேன். கனமா இருக்கட்டுமேன்னு முழு ஹீக்கமா வேற ரெண்டு!

ஏங்க்கா, டிசம்பர்ல கிறிஸ்துமஸ் பின்யாத்தாவுல கரும்பு, ஹீக்கமா, மேண்டரின் ஆரஞ்சுன்னு போட்டுத்தான தொங்க விடுறோம்? அப்ப மட்டும் விழுந்து விழுந்து பொறுக்குதுங்க. பொறந்தநாளுக்குப் போட்டா குத்தமா?

குத்தந்தான். கண்ணக் கட்டிட்டு இவதான் அடிச்சா. டமார்! ஊர்க் கொழந்தைங்க எல்லாம் பாஞ்சு வந்து... அப்படியே நின்னுடுச்சுங்க. ஒருத்தன் கேரட்டக் கையில எடுத்து, "சூப்புக்கா?"ன்னு கேட்டான். பெரிய ஹீக்கமா உருண்டு போயி எங்க கொழுந்தனார் கால்ல விழுந்துது. இவ கண்கட்ட அவுத்துப் பாத்தா... ஐயோ, அந்த மூஞ்சியச் சொல்ல முடியாதுக்கா.

அந்த மிட்டாயா? மாவு டப்பாவுக்குள்ள இருந்துது. தூக்கிப் போடத்தான் நெனச்சேன், சத்தியமா! ஞாயித்துக்கெழம துணி காயப்போட மாடிக்குப் போனப்ப ஒரே ஒரு புளி உருண்ட. திங்கக்கெழம நாலு. அப்புறம் கணக்கில்ல. வீட்டுல வெள்ளரிக்கா முதல செதுக்குறவ, மாடில நின்னு கடலை மிட்டாய் கடிக்கிறா! வியாழக்கெழம 'டக்'குன்னுது. பல்லுதான்.

சிரிக்காதீங்கக்கா, உங்க வீக்கம் ஜாஸ்தியாயிடும்!

இப்ப நெசத்தச் சொன்னா பொறந்தநாள் மிட்டாயத் தின்னவ அம்மாதான்னு தெரிஞ்சிடும். சொல்லலன்னா ஜென்மத்துக்கும் கேரட் தொட மாட்டா. நான் எங்கதான் போறது, சொல்லுங்க?

ஆங்... நான்தான் நோயெமி. சிஸ்டர், கொஞ்சம் மெதுவாக் கேளுங்களேன். எதக் கடிச்சேனா? அது வந்து... கே... கேரட்டு... எழுதிக்கங்க.

என்னடி யாரெட்சி? நீ எதுக்கு எந்திரிச்சு வர்ற? என்னது? கடலை மிட்டாயா? உனக்கெப்படிடி... மாடில பாத்தியா? எப்ப? ஞாயித்துக்கெழமலேர்ந்து தெனமுமா!

அப்ப ஒரு வாரமா பேசாம இருந்தது, கேரட் போட்டதுக்கில்லையா?

..."எனக்கு ஒண்ணு கூடக் குடுக்காம நீயே தின்னுட்டே"ன்னுதான் கோவமா?

இங்க வாடி... என் கண்ணு. இல்லடி, அழல. பல்லு வலிக்குது. சிஸ்டர், கேரட்ட அடிச்சிடுங்க.