கம்பியை வெளியே இழுத்த நாள்

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் ஆய்வக இயக்குநர் ஐயா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பெரியோர்களே, இவன் என்ன உளறப்போகிறானோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் என் அம்மா உள்ளிட்ட தாய்மார்களே, வணக்கம்.

பிளாஸ்மாக் கலத்துக்கு விடைகொடுக்கக் கூடியிருக்கிறோம். நாளை அதைக் கழற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் அளப்பவர்கள் இருவர். வாயால் அளப்பவன் நான். கருவியால் அளப்பவள், இங்கே ஆராய்ச்சி மாணவியான என் அக்கா.

எதை அளந்தாள்? கருந்துளையைச் சுற்றித் தட்டாகச் சுழலும் வாயு எப்படி உள்ளே விழுகிறது? அங்கே போய்ப் பார்க்க முடியுமா? போனால் திரும்பத்தான் முடியுமா? ஆகவே காற்றை உறிஞ்சிய எஃகுக் கலத்தில், மின்னேறிக் கொதிக்கும் வாயுவைக் காந்தம் வைத்துச் சுழற்றினாள். அங்கே போலவே உள்விளிம்பு விரைய வேண்டும், வெளிவிளிம்பு தயங்க வேண்டும். அந்த வேகத்தைச் சொல்ல உள்ளே நீட்டிய அளவுக்கம்பி ஒன்றே ஒன்று. அது நின்ற இடத்தில், ஒளிரும் அந்த வாயுத்தட்டு எப்போதும் கிழிந்தே கிடந்தது.

கலம் ஓடிய கடைசி நாளன்று விருந்தினர் வந்தார்கள்.

"அந்தக் கம்பி கண்ண உறுத்துதும்மா. வெளிய இழுத்துடு, அவங்க முழுசாப் பாக்கட்டும்" என்றார் நம் இயக்குநர் ஐயா.

"சார், அப்புறம் ஒண்ணும் பதிவாகாதே."

"ஒரு தடவதானேம்மா."

இழுத்தாள். சுழன்றது ஐயா, கிழிசல் இல்லாமல், நடுக்கம் இல்லாமல், நாங்கள் காணாத முழுவட்டமாகச் சுழன்றது. கூடமே கைதட்டியது. நான் விசிலும் அடித்தேன். அவர்கள் போனபின் கம்பியைச் செருகினாள். மறுபடி கிழிசல்.

அந்த முழுவட்டத்தில் உள்விளிம்பு விரைந்ததா? கண்ணுக்குத் தெரியுமா? விருந்தினர் எடுத்த கைபேசிப் படம் வடிவத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லுமா?

என்ன அண்ணா, "தொடாம வெளிச்சத்த வச்சே அளக்கலாமே" என்கிறீர்களா? அளக்கலாம். அதற்குக் கலம் வேண்டுமே. நேற்றே வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டுவிட்டார்கள்.

"நல்லா சுத்துச்சுன்னே எழுதும்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் இயக்குநர், இரக்கப்பட்டு.

"அழகா இருந்துச்சுன்னு எழுதறேன் சார். வேகம் தெரியாதுன்னும் எழுதறேன்" என்றாள் அக்கா. முழுத்தட்டின் வேகம் இல்லாததால் பட்டம் தள்ளிப்போய்விட்டது.

முறைக்காதீர்கள் ஐயா. கம்பியை இழுக்கச் சொன்னவர் நீங்கள் ஒருவர். கைதட்டியவர்கள் எத்தனை பேர்? அழகாகத் தெரிந்தால் போதும் என்று ஆசைப்பட்டது யார்? நாம் அல்லவா? நாம் எல்லோரும் அல்லவா?

இன்னொரு கலம் என்றேனும் இக்கூடத்துக்கு வரும். அன்று எவ்வளவு பெரியவர் வந்தாலும் வாசலில் காத்திருக்கட்டும். வேடிக்கை காத்திருக்கட்டும், கைதட்டல் காத்திருக்கட்டும். முதலில் அவள் அளந்து முடிக்கட்டும்.

பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் தலைகுனிந்திருப்பவளே, நிமிர்ந்து பார். இந்த வணக்கம் உனக்கு, அக்கா.