தலையை விட்டு அளந்த அம்மன்

அவிநாசியில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கண்ணாடி போட்ட ஒருத்தரும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் கேசட்டை மாற்ற, பாட்டு நின்ற நேரத்தில் அவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஏனம்மிணி, அம்மன் சிலைக்கெல்லாம் தலையை உட்டுட்டா அளந்தே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உசரம் அளக்கச் சொன்னீங்க. தோள்ல டேப்பை வெச்சுக் கீழ வரைக்கும் புடிச்சனுங்க. கம்பெனியில பனியனுக்கு அப்பிடித்தானுங்க புடிப்போம்."

"பனியனுக்குத் தலை இருக்குதா?"

அந்தம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு சிலையும் அதோட முகத்தைப் போல எத்தனை மடங்கு உசரம்னு பார்த்து, சராசரி போட்டேன். நான் அளந்த சாமியெல்லாம் நெட்டை, நீ அளந்த அம்மனெல்லாம் குட்டைன்னு வந்துச்சு. அந்தக் காலத்துச் சிற்பி பொம்பளையைக் குறைச்சுத்தான் செதுக்கினான்னு காலேஜ் கூட்டத்துல பேசிப்போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"அம்மனைத் தொட்டு அளக்கப் பூசாரி உங்களை உடலீங்க. அதனால ஊட்டுக்காரி அளந்தா, பனியன் கம்பெனிக்காரி, அவளுக்கென்ன தெரியும்னு சொல்லிப்போடுங்க. எனக்கு வருத்தமில்லீங்க."

பூண்டியில் ரோட்டோரம் நின்ற கல் சிலைகளை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"எப்பிடிச் சொல்றது? எல்லாச் சிலையும் நானே அளந்தேன்னு சொல்லிப்போட்டனே."

"தெரியுமுங்க. கடைசி பெஞ்சுல உக்காந்து நானுந்தானுங்க கை தட்டினேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒட்டுக் கேட்ட எனக்கும் வெட்கமாகிப்போய், இறங்கும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.