சொன்னது, நடந்தது

எனக்கு நீச்சல் தெரியாது ஐயா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். படகில் ஏறியது மொத்தமே இரண்டு தடவை. முதல் தடவை கடலில் வாந்தி எடுத்தேன். இரண்டாம் தடவை, படகு கரையில் கட்டிக் கிடக்கும்போதே எடுத்தேன். இந்தக் கடலைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை என்று நான் சொல்லும்போது, இதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை படகு ஓட்டுவதல்ல. படகு எப்போது போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்வது. ஓட்டியது என் மச்சினன், என் மனைவியின் தம்பி. தூண்டில் போட ஆசைப்படும் டவுன்காரர்களை, பல் டாக்டர், வக்கீல், ரிட்டயரான வாத்தியார் என்று ஐந்தாறு பேராகக் கூட்டிக்கொண்டு அரை நாள் கடலில் சுற்றிவிட்டு வருவோம். வருவோம் என்பது பேச்சுக்குத்தான். நான் ஐஸ் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருப்பேன். ஒரு மேஜை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, முகத்துவாரத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். பதினோரு வருஷமாக அந்த ஜன்னல் அளவுதான் என் கடல்.

முகத்துவாரத்தைக் கொஞ்சம் விளக்கினால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். ஆறு கடலில் சேரும் இடத்தில், தண்ணீருக்கு அடியில் குறுக்கே ஒரு மணல்திட்டு கிடக்கிறது. ஏற்றத்தில் கடல் உள்ளே வரும்போது திட்டின் மேல் நல்ல ஆழம் இருக்கும். யார் வேண்டுமானாலும் தாண்டலாம், நான்கூட. வற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகலான வாய் வழியாக வெளியே ஓடும். அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால், ஓடுகிற தண்ணீரும் வருகிற அலையும் முட்டிக்கொள்ளும். அலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள் இந்த ஓட்டம் மிக வேகம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கடலிலிருந்து வருகிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும். வழவழவென்று சாதுவாக இருக்கும். அலையின் முகம் கரையில் இருப்பவனுக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் ஆபீஸ் வாசலில் ஒரு கம்பம். திட்டு மோசமானால் நான் சிவப்புக் கொடியை ஏற்றுவேன். கொடி பறந்தால், மறுபடி தண்ணீர் ஏறும்வரை படகு வெளியிலேயே நிற்கும். கொடி இல்லையென்றால் உள்ளே வரலாம். என் மச்சினன் கொடியை மட்டும் ஒரு நாளும் மீறியதில்லை. மற்ற எல்லாவற்றையும் மீறுவான்.

உங்கள் மேஜையில் இருப்பது என்னுடைய பதினோராவது நோட்டு. வருஷத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒரு வரி. நிலா, ஏற்றம், வற்றம், காற்று, கடைசியில் இரண்டு கட்டம். ஒன்றில் 'சொன்னது'. மற்றதில் 'நடந்தது'. டீ டம்ளரை அதன் மேல் வைக்காமல் இருந்தால் நல்லது.

இரண்டு கட்டமும் ஒத்துப்போன நாட்கள்தான் அதிகம். நூற்றுக்குத் தொண்ணூறு வரும். ஆனால் அது யாருக்கும் தெரியாது, இதுதான் இந்தத் தொழிலின் சாபக்கேடு. நான் போகாதே என்று சொல்லி, அவர்கள் போகாமல் இருந்துவிட்டால், எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றுக்கு யார் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள்? வீட்டில் சும்மா உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகிவிட்டது என்று என்னைத் திட்டுவார்கள்.

எனக்கு என் மச்சினன் வைத்த பெயரே 'போகாதே'தான். பட்டப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரன். கடைசியில் ஐஸ் கிடங்கில் இருப்பவர்கள்கூட என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் பெயருக்கு வரும் கடிதத்தைக் கொண்டுவருபவர், "போகாதே சார் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

காலையில் ஆட்கள் வந்து நிற்கும்போது இப்படித்தான் நடக்கும்.

"மாமா, இன்னிக்கு என்ன, பிரளயமா?"

"மத்தியானத்துக்கு மேல காத்து மாறும். வேண்டாம்பா."

"டாக்டர் சார், கேட்டுக்கிட்டீங்களா? போகாதே சொல்லிட்டாரு. அப்ப வெயில் கொளுத்தப் போகுது. தொப்பி எடுத்துக்குங்க."

டாக்டர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நானும் ஜோக்கடிக்கிற ஆள்தான் ஐயா, பிறரை வைத்து அடிப்பது பிடிக்காது, என்னை வைத்தே அடித்துக்கொள்வேன். ஆனால் அந்த ஜோக்குக்கு நான்தான் முதலாளியாக இருக்க வேண்டும்.

ஒரு தடவை என் கணிப்பு பொய்த்துப்போனது. ஆறு பேரைத் திருப்பி அனுப்பினேன், கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. அவன் அதைப் போட்டோ எடுத்து, பெரிதாக அச்சடித்து, ஆபீஸ் சுவரில் இருக்கும் என் ஏற்ற வற்ற அட்டவணைக்கு மேலே ஒட்டி, கீழே கொட்டை எழுத்தில் 'புயல்' என்று எழுதினான். நான்கு வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கிழித்துப் போட்டிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். கிழித்தால் கோபம் வந்துவிட்டது என்று ஆகிவிடும்.

பொய்த்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பலித்ததைத்தான் தாங்க முடியவில்லை. போன வருஷம் ஒரு நாள் வேண்டாம் என்றேன், கேட்காமல் போனான். நான் சொன்ன மணிக்குக் காற்று வந்தது, நான் சொன்ன மாதிரியே திட்டின் மேல் அலை எழும்ப ஆரம்பித்தது. கொடியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு ஓடுவதற்குள் அவன் வாய்க்குள் நுழைந்துவிட்டான். ஒரு அலையின் முதுகிலேயே படகை உட்கார வைத்து, வக்கீலின் தொப்பிகூட நனையாமல் கரைக்குக் கொண்டுவந்தான். அன்று அத்தனை பேரும் அவனைத் தோளில் தூக்காத குறை. வக்கீல் இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறார். அதில் நான் இல்லை.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்துப் பார்த்தேன். நான் சொல்வதைக் கேட்டால், ஒன்றும் நடக்காது. பெயர் இல்லை. கேட்காமல் போய் நான் சொன்னது நடக்காவிட்டால், சுவரில் படம். கேட்காமல் போய், நடந்து, அவன் தப்பித்து வந்தால், பெயர் அவனுக்கு. எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. அதை நான் உண்டாக்கவில்லை ஐயா. மற்ற வழிகளையெல்லாம் அவர்களாகவே அடைத்துவிட்டார்கள்.

அவசரப்படவில்லை. கடலில் அவசரப்படக் கூடாது என்று நானே எல்லோருக்கும் சொல்கிறவன். ஏற்றம் நண்பகலை ஒட்டி முடிகிற பௌர்ணமியாக இருக்க வேண்டும். மத்தியானம் கடல்காற்று வலுக்கிற பருவமாகவும் இருக்க வேண்டும். நோட்டைப் புரட்டி, பௌர்ணமிக்கு மறுநாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முந்தைய மூன்று வாரம், நல்ல நாட்களிலெல்லாம் போகாதே என்றேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் தெரிந்தே தப்பாகச் சொன்னது அப்போதுதான். 'சொன்னது' கட்டத்தில் எழுதும்போது கை கூசியது.

அந்த நாள் காலையில் டாக்டருக்கும் மற்றவர்களுக்கும் போன் செய்து, இன்ஜின் கோளாறு, இன்று பயணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எல்லோரும் குழந்தைகுட்டிக்காரர்கள். வாத்தியாருக்கு வேறு ரத்த அழுத்தம். இதை நீங்கள் முன்கூட்டியே போட்ட திட்டம் என்கிறீர்கள். நான் அதை இரக்கம் என்று நினைத்தேன். படகில் கூடப் போகும் இன்ஜின்காரரை ஒரு ஃபில்டர் வாங்கிவரச் சொல்லி டவுனுக்கு அனுப்பினேன். ஃபில்டர் நம்பரை எழுதிக்கொள்ள அவர் என் நோட்டைப் புரட்டியிருக்கிறார். அது என் கவனக்குறைவு.

அப்புறம் கொடியைத் துவைத்தேன். அழுக்காக இருந்தது. சோப்புப் போட்டு அலசி, ஆபீஸுக்குப் பின்பக்கக் கொடிக்கம்பியில், இரண்டு துண்டுகளுக்கு நடுவில் காயப்போட்டேன். கடலிலிருந்து பார்த்தால் பின்பக்கம் தெரியாது. பதினோரு வருஷத்தில் அதைத் துவைத்தது அன்றுதான். சாயம் போகவில்லை, நல்ல துணி.

அவன் எட்டரைக்கு வந்தான்.

"என்ன மாமா, ஒருத்தரையும் காணோம்? எல்லாரையும் விரட்டிட்டீங்களா?"

"இன்னிக்குப் போகாதே."

"இந்த மாசம் பூரா இதையேதான் சொல்றீங்க. ரெக்கார்டு தேஞ்சு போச்சு மாமா, மாத்துங்க."

"சொல்றத சொல்லிட்டேன்."

"சரி, ஆளுங்க இல்லாததும் நல்லதுதான். நான் மட்டும் போயிட்டு வரேன். அக்கா ரொம்ப நாளா ஒரு நல்ல மீன் கேட்டுக்கிட்டு இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வரேன்னு சொல்லிடுங்க." படகில் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "மோசமாச்சுன்னா கொடியப் போடுங்க மாமா. வெளியவே நின்னுக்கறேன்."

ஆகட்டும் என்று தலையாட்டினேன். மிதவை ஜாக்கெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனான். ஆட்கள் இல்லாத நாளில் அவன் அதைப் போடுவதில்லை. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். பதினொன்று நாற்பதுக்கு ஏற்றம் முடிந்தது. பன்னிரண்டரைக்குக் காற்று எழுந்தது. இரண்டு மணிக்குத் திட்டின் மேல் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. என் கணிப்புகளிலேயே சுத்தமானது அதுதான், ஒரு பிசிறு இல்லை. நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். கொடி காய்ந்துதான் இருந்தது. போய்த் தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். படகு கவிழ்ந்த பிறகு மீட்புப் படகுக்குப் போன் செய்தது நான்தான். அவர்களுடைய பதிவில் இருக்கும். பதினோரு நிமிஷம் கழித்து என்கிறீர்கள், இருக்கலாம். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மூக்கின் மேலேயே இருந்தது. வேறு நாளாக இருந்தால் அவனிடம் சொல்லியிருப்பேன், ஒரு வாரம் சிரித்திருப்பான்.

அவன்மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்குப் பத்து வயது. என் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து வளர்ந்தவன். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அதன்பின் என்னைவிட நன்றாகப் போட்டான். அவன் போன பிறகு யாரும் என்னைப் போகாதே என்று கூப்பிடுவதில்லை. ஐஸ் கிடங்குக்காரர்கள் சார் என்கிறார்கள். ஆபீஸ் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

என் மனைவி அன்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க சொன்னீங்களே. காலையிலேயே போகாதேன்னு சொன்னீங்களாமே. நீங்க சொன்னது சரியாப் போச்சே, அந்தப் பாவி கேக்கலயே" என்றாள். அந்த வார்த்தைக்காக நான் பதினோரு வருஷம் காத்திருந்தேன் ஐயா. நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று இருந்தது. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். பேசுவதில்லை.

நோட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அந்த நாளின் 'நடந்தது' கட்டம் காலையிலேயே நிரம்பியிருந்தது என்று இன்ஜின்காரர் சொல்லியிருக்கிறார். உண்மைதான். படகு கிளம்புவதற்கு முன்பே எழுதினேன். படித்துவிட்டு, சார் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தாராம். 'திட்டில் கவிழ்ந்தது, மணி 2.40.' என் கையெழுத்துத்தான். ஆமாம், நான்தான் செய்தேன். அதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. ஐஸ் கிடங்கில் பார்த்தவர்கள் எல்லோரும் 2.44 என்கிறார்கள். அதுதான் சரி. நோட்டில் நான் அடித்துத் திருத்துவதில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். காற்றிலும் பிசகில்லை, வற்றத்திலும் பிசகில்லை. அவன்தான் வாய்க்கு வெளியே வந்து, இன்ஜினைத் தணித்து, நாலு நிமிஷம் நின்றுவிட்டான். நின்று கம்பத்தைப் பார்த்தான். ஒரு கையை நெற்றியில் வைத்து, மறுபடி பார்த்தான். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அந்த நாலு நிமிஷம் என் கணக்கில் வரவில்லை. அப்படி நின்று என் கொடியைத் தேடுவான் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்? பதினோரு வருஷத்தில் அவன் என் பேச்சை ஒரு நாளாவது கேட்டிருக்கிறானா ஐயா?