குழந்தைகள் தூங்கும் அறைக்கு நான் போட்ட பூட்டு

பெயரும் விலாசமும் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்தொன்று. தொழில், லாட்ஜுகளுக்குக் கதவும் பூட்டும் பொருத்துவது. இந்த நாட்டுக்கு வந்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. நான் என் மொழியில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொள்ள, போலீஸ் அதிகாரி முன்னிலையில் சொல்வதாவது:

நேற்று மாலை இதே மேஜையில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். யாரும் என்னை அடித்து வாங்கவில்லை, புத்தி கெட்டு நானேதான் போட்டேன். அதை மாற்றிச் சொல்வதற்காக இன்று காலை நானாகவே வந்திருக்கிறேன்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு தொண்டுக் குழு நடத்துகிறார். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகத்தைச் சீர்செய்து கொடுக்கப் போகிறோம், பெயின்ட் அடிக்க ஆள் இருக்கிறது, கதவுக்குத்தான் ஆள் இல்லை என்று சொல்லி, ஒன்பது பேரோடு என்னையும் கூட்டி வந்தார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் ஆசைதான். முப்பது வருஷமாக ஊர் பேர் தெரியாதவன் தூங்குவதற்குக் கதவு போட்டவன், குழந்தைகள் தூங்க ஒன்று போடலாமே என்று வந்தேன்.

காப்பகத்தில் பதினோரு குழந்தைகள். பார்த்துக்கொள்ள ஒரே ஆயா. அவர் எங்கள் நாட்டில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை செய்தவர் என்பதால் எங்கள் மொழியை எங்களைவிட வேகமாகப் பேசுவார். குழந்தைகளை மத்தியானம் ஒரு மணிக்குப் படுக்க வைத்துவிட்டு, தூங்கும் அறை வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று உட்கார்ந்துகொள்வார். எழுந்து போனால் கதவு மூடாமல் இருக்க ஒரு பழைய துண்டை மடித்து அடியில் செருகிவிட்டுப் போவார். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. அறைக்கு எதிரே மாடிப்படி, ஏதாவது ஒன்று தூக்கத்தில் எழுந்து படியேறினால் என்ன ஆவது என்று நினைத்தேன். அதனால் வியாழக்கிழமை லாட்ஜ் அறைக்குப் போடுவதுபோலத் தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவாக அதை மாற்றினேன். வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். உள்ளே இருக்கும் கைப்பிடியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன்.

ஆயா பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, கதவ மூடினா எனக்கு மூச்சுச் சத்தம் கேக்காது. பட்டாணிக்கு வலிப்பு வரும்னு சொன்னேன்ல," என்றார். பட்டாணி என்பது மூன்று வயதுக் குழந்தை, ஆளும் அந்த அளவுதான், ஆயா வைத்த பெயர். நான் அதற்கு, "ஏம்மா, முப்பது வருஷமா கதவு போடுறேன், எனக்கே பாடமா?" என்றேன். ஸ்க்ரூடிரைவரைக் கூடக் கீழே வைக்காமல் சொன்னேன்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி அதிகாரி கூறினார். சரி. சாவிகள் இரண்டு. ஒன்று மச்சானிடம். இன்னொன்று ஆயாவுக்கு உரியது. அதைச் சனிக்கிழமை, அதாவது இன்று மூன்று மணிக்கு நடக்கும் விழாவில், நன்கொடையாளர்கள் தட்டில் வைத்து ஆயா கையில் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவரை அதையும் நானே வைத்திருக்கும்படி மச்சான் சொன்னார். நேற்று காலையில் ஆயா என்னிடம் இரண்டு தடவை சாவி கேட்டார். "நாளைக்கு விழாவுல குடுப்பாங்க, ஒரு நாள் பொறுக்க மாட்டியா," என்றேன். அப்போது சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இப்போது மேஜை மேல் வைத்திருப்பது அந்தச் சாவிதான்.

நேற்று ஒன்றேகால் மணிக்கு ஆயா பட்டாணியின் மருந்தை எடுக்கச் சமையலறைக்குப் போனார். போகும்போது வழக்கம்போலத் துண்டைச் செருகிவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு போட்டோ எடுப்பவரோடு நான் அந்தப் பக்கம் வந்தேன். புதுக் கதவு, கீழே அழுக்குத் துண்டு. பார்க்கச் சகிக்கவில்லை. காலால் தள்ளினேன். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. அப்படி மூட வேண்டும் என்றுதான் அரை நாள் உட்கார்ந்து சரிபண்ணியிருந்தேன், அந்த அழகை நின்று வேறு பார்த்தேன். அதன் பிறகு குழுப் படம் எடுக்க மொட்டைமாடிக்குப் போனோம். அங்கே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கீழே நடந்த எதுவும் காதில் விழவில்லை.

ஆயா மருந்தோடு வந்து கதவைத் தள்ளிப் பார்த்து, சாவி கேட்டுக் கத்தி, ஆபீஸ் அறையில் தேடி, யாரும் இல்லாமல் கொல்லைப்புறமாக ஓடி, பால் பாத்திரத்தால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கியிருக்கிறார். நான் இறங்கி வந்தபோது மணி ஒன்று நாற்பது. கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டிருந்தது. மற்றக் குழந்தைகள் சுவர் ஓரமாக நின்றன, ஒன்றுகூட அழவில்லை. ஆயா முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுகப் பட்டாணியை மடியில் ஒருக்களித்துப் பிடித்திருந்தார். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. பட்டாணி இன்று காலை வரை கண் திறக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மச்சான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மாப்ள, சாவிய வியாழக்கிழமையே அவங்க கைல குடுத்தாச்சு. அவங்கதான் கதவச் சாத்திட்டு எங்கயோ போயிட்டாங்க. இதான் நடந்துச்சு, புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். அவர் இங்கே வந்து புகார் எழுதினார், நான் அதற்குச் சாட்சியாக வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கட்டுப் போட்ட கையோடு ஆயாவைப் போலீஸார் இங்கே கூட்டி வந்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு என் மனைவியிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். "எங்க அண்ணனை மாட்டி விட்டுட்டு இந்த வீட்டு வாசப்படி ஏறாதீங்க," என்று வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அப்பா மாதிரி இருந்து கட்டிக் கொடுத்தவர் அவர்.

இன்று காலை எட்டு மணிக்குப் பூட்டைக் கழற்றப் போனேன். அதைக் கழற்றினால் தப்பு நம்முடையது என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும், விழா முடியும்வரை கதவு அப்படியேதான் இருக்கும் என்று மச்சான் சொல்லிவிட்டார். என் கருவிப் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. புதிதாக ஓர் ஆயாவும் வந்திருக்கிறார். வாசலில் நின்றபடியே அவரிடம் கதவைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன், எங்கள் மொழி தெரியாததால் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சாவி அவரிடமும் இல்லை. சத்தம் போட்டேன். வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு வழி கேட்டுக் கேட்டு நடந்து இங்கே வந்தேன்.

இங்கே அதிகாரி அனுமதித்ததால் ஆயாவை இரண்டு நிமிடம் பார்த்தேன். அறைவார், துப்புவார் என்றுதான் போனேன். அவர், "பட்டாணி கண்ணத் தொறந்துச்சா அண்ணா?" என்றார். இல்லை என்றேன். அடுத்து, "அந்தக் கதவக் கழட்டிட்டீங்களா?" என்றார். என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழட்டிட்டேம்மா என்றேன். அவர் அப்போதுதான் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இப்படிச் சொன்னால் குற்றவாளியாக என்னைத்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று அதிகாரி எச்சரித்தார். சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டைத் தள்ளியது நான், சாவி வைத்திருந்தது நான். ஆயாவை விட்டுவிட வேண்டும். எனக்காக ஒன்றே ஒன்று கேட்கிறேன். காப்பகம் இங்கிருந்து போலீஸ் வண்டியில் பத்து நிமிடம். ஒரு ஆளையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் அனுப்புங்கள், நாலே நாலு ஸ்க்ரூதான்.

மேலே எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை, ஆயாவிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பொய்யாகவே இருக்கிறது. இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக்குக் குழந்தைகளைப் படுக்க வைப்பார்கள்.

(கையொப்பம்)