மருந்து ஃப்ரிட்ஜில் சோடா

நர்ஸ்: …சோடா பாட்டில், அண்ணி. வரிசையா நிக்குது. தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜுல.

அண்ணி: மெதுவாப் பேசு. வெளிய பொம்பளைங்க பிள்ளைகளோட உட்கார்ந்திருக்காங்க.

நர்ஸ்: மருந்து எங்க இருந்துச்சு தெரியுமா? ஜன்னல் திண்டுல. நேத்து பூரா வெயில்ல.

அண்ணி: விழாவுக்கு அத்தனை பெரிய மனுஷங்க வந்தாங்க. வெந்நீரா குடுக்க முடியும்?

நர்ஸ்: மாவட்டத்துக் கையில இருந்தவரைக்கும் அந்த ஃப்ரிட்ஜை என்னைத் தவிர ஒருத்தர் தொட்டதில்ல. இனிமே இந்த சுகாதார நிலையம் ஊராட்சிக்குத்தான்னு நேத்து விழாவுல ஊராட்சித் தலைவரா நீங்க சாவியை வாங்கினீங்க. நான் அந்தப் பக்கம் வீடு வீடாப் போய்ப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள…

அண்ணி: நானா? வாட்ச்மேன்தான் எடுத்து வெச்சான். இன்னைக்கே அவனை வேலையை விட்டுத் தூக்கறேன்.

நர்ஸ்: அவரு நாள் முழுக்க கேட்டுல நின்னு காருக்கு வழி காட்டிட்டிருந்தாரு. நீங்கதானே நிறுத்தினீங்க. சாவி உங்க இடுப்புல இருந்துச்சு.

அண்ணி: சரி, நான்தான் வெச்சேன். தூக்குல போடுவியா? திருப்பி உள்ள வைக்க மறந்துட்டேன். மருந்து என்ன பாலா, திரிஞ்சு போகும்னு எனக்குத் தெரியறதுக்கு?

நர்ஸ்: பாலா இருந்தா மோந்து பார்த்துத் தூக்கி ஊத்திடுவாங்க.

அண்ணி: இப்போ அதைப் போட்டா பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

நர்ஸ்: ஒண்ணும் ஆகாது.

அண்ணி: அப்புறம் என்ன…

நர்ஸ்: நோய் வர்ற அன்னைக்கும் அந்த ஊசி ஒண்ணும் பண்ணாது. ஊசி போட்டாச்சேன்னு பெத்தவ மட்டும் நிம்மதியாத் தூங்குவா.

அண்ணி: இங்க பாரு. டாக்டர் வராம எத்தனை நாள் இந்தக் கதவு பூட்டிக் கிடந்துச்சு? ஏன் வரலன்னு கேக்க நாதி இருந்துச்சா? இப்பதான் அந்த அதிகாரம் நம்ம கைக்கு வந்திருக்கு. வாங்கின அன்னைக்கே மருந்தைக் கெடுத்தோம்னு தெரிஞ்சா திரும்பப் பிடுங்கிக்குவாங்க. இன்னைக்கு ஒரு நாள் போட்டுடு. அடுத்த தடவை நல்ல மருந்தா…

நர்ஸ்: எந்தப் பிள்ளைக்குப் போட? கை காட்டுங்க, கூப்பிடறேன்.

அண்ணி: நாத்தனாராச்சேன்னு பார்க்கறேன். வேற நர்ஸை இங்க போடச் சொல்ல எனக்கு இப்போ உரிமை இருக்கு.

நர்ஸ்: தாராளமா. வர்றவளுக்கும் ஒரு சோடா எடுத்து வைங்க.

அண்ணி: வாயைப் பாரு. உங்கண்ணன்கிட்ட சொன்னேன்னா…

நர்ஸ்: ஜில்லுன்னு இருக்குன்னு ரெண்டாவது பாட்டில் கேட்டவரே அவருதானாமே.

அண்ணி: விளையாடாதே. வெளிய இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்? நீ சொன்னாத்தானே தெரியும்.

நர்ஸ்: சரி. வரிசைப்படியே போடறேன். முதல்ல உட்கார்ந்திருக்கறது உங்க மருமக. பேத்தியைத் தூக்கிட்டு உள்ள வரச் சொல்லவா?

அண்ணி: அவ எங்க இங்க வந்தா? அந்த மருந்து கெட்டுப் போச்சு, டவுன்ல தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன்னு விடியும்போதே சொல்லித்தானே அனுப்பினேன்…

நர்ஸ்: அதைத்தான் வெளிய ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லிட்டு உட்கார்ந்திருக்கா. நான் இன்னும் வாயே திறக்கல, அண்ணி.