மூத்தாள் உள்ளே இருக்கிறாள்

என் பெயரும் வயதும் மேலே கண்டபடி. நிலையான முகவரி கேட்கப்பட்டதற்கு, மூன்று வருடமாக நானும் என் கணவரும் ஊர் ஊராகச் சுற்றிவரும் வேன்தான் எங்கள் வீடு, படுக்கையும் அடுப்பும் அதற்குள்தான் என்று சொன்னேன். காவல் ஆய்வாளர் வேனின் பதிவு எண்ணையே முகவரியாக எழுதிக்கொண்டார்.

அந்த வேனை என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். முதன்முதலில் என்னை அதில் ஏற்றும்போது, "இவதான் மூத்தா, நீ இளையா. ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க" என்றார். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர் வாயில் வேன் என்ற சொல் வந்ததே இல்லை. மூத்தாளுக்குப் பசிக்கிறது என்றால் டீசல் போட வேண்டும், மூத்தாள் முனகுகிறாள் என்றால் பெல்ட் மாற்ற வேண்டும். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த அன்று இவர் ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். ரத்தமும் சதையுமாக ஒரு சக்களத்தி வந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இவளை எதைப் பிடித்து உலுக்குவது?

ரோடு கடலோடு முடிந்துவிட்டதால், வேனைக் கப்பலில் அக்கரைக்கு அனுப்பி அங்கிருந்து பயணத்தைத் தொடர்வது என்று முடிவானது. இன்று காலை துறைமுகத்தில் கேஸ் சிலிண்டரை இறக்கி, டீசலைக் குறைத்து, வேனைக் கன்டெய்னருக்குள் ஓட்டி நிறுத்தி, பட்டை போட்டு இறுக்கினார்கள். கணவர் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அதன் முகப்பைத் தடவிக்கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. கதவை மூடி சீல் வைத்தார்கள். அதன் பிறகு அவர் என்னிடம், "நான் மட்டும் பிளேன்ல முன்னாடி போறேன். அவ போய் இறங்குறப்ப ஆள் இல்லன்னா நல்லா இருக்காது. நீ உன் தங்கச்சி வீட்ல இரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டேன். கப்பல் ஏஜென்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் கேட் அருகில் நின்று தங்கைக்குப் போன் செய்து, "மூத்தாளை உள்ள வச்சுப் பூட்டியாச்சுடி, கப்பல்ல ஏத்தப் போறாங்க" என்று அழுதேன். பக்கத்தில் இருந்த காவலாளி பதறிப்போய், "யாரும்மா உள்ள?" என்று கேட்டார்.

"என் புருஷனோட மூத்தா" என்றேன்.

"உயிரோடவா?"

"காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை.

அதன் பிறகு சைரன் ஊதி, கிரேனை நிறுத்தி, போலீஸ்காரர்கள் வந்து சீலை உடைத்து, வேனுக்குள் படுக்கைப் பலகையைக்கூடப் பெயர்த்துப் பார்த்தார்கள். கப்பல் காத்திருக்காமல் போய்விட்டது. உண்மை தெரிந்ததும் என்னை ஜீப்பில் உட்கார வைத்தார்கள். அப்போது கணவர் மூச்சிரைக்க ஓடிவந்து, திறந்து கிடந்த கன்டெய்னரைப் பார்த்து, "அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

"உங்க மனைவி நல்லா இருக்காங்க சார், ஜீப்புலதான் இருக்காங்க" என்றார் பெண் காவலர்.

"நான் அவளக் கேக்கல" என்றார் கணவர். ஜீப்பின் கண்ணாடி இறங்கியிருந்தது. பெண் காவலர் வந்து அதை ஏற்றிவிட்டு, நிலையம் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

பொய்த் தகவல் கொடுத்தீர்களா என்று கேட்கப்பட்டதற்கு, அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெயரைத்தான் சொன்னேன் என்றேன். கப்பல் போனதற்கு வருத்தப்படுகிறீர்களா என்றதற்கு, இல்லை என்று எழுதச் சொன்னேன். வெளியே கணவர் உட்கார்ந்திருக்கிறார், அவரோடு அனுப்பலாமா என்று ஆய்வாளர் கேட்டார். தங்கையின் போன் நம்பரைக் கொடுத்தேன்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)